குளிர்காலத்துல ஹைபிரிட் கார் ஏன் இவ்ளோ பெட்ரோல் குடிக்குது, அத எப்படி குறைக்கறது

நான் டொராண்டோ பக்கத்துல மிசிசாகால இருக்கேன். வண்டி 2012 டொயோட்டா பிரியஸ், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரில ஓடற மோட்டாரும் சேந்து இழுக்கற ஹைபிரிட், செகண்ட் ஹேண்ட். ஒரு செப்டம்பர் மாசம் வாங்கினேன், டிஸ்ப்ளேல 100 கிலோமீட்டருக்கு 4.8 லிட்டர்னு காமிச்சுது, நம்ம ஊர் கணக்குல லிட்டருக்கு கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர், உடனே மதுரைல இருக்கற மாமாக்கு போன் போட்டு பெருமை அடிச்சாச்சு. ஜனவரி வந்துச்சு. அதே வண்டி அதே ரோடு அதே ஆள், 6.7 லிட்டர். லிட்டருக்கு 15 கூட வரல. மாமா "உன் தலைல கட்டிட்டாங்கடா மாப்ள"ன்னுட்டாரு. ஒரு மெக்கானிக் ஷாப்ல கொண்டு போய் காட்டினா, ஹைபிரிட் பேட்டரி முடியப் போகுது மாத்திடுங்கன்னு பல ஆயிரம் டாலருக்கு ஒரு கொட்டேஷன நீட்டினாங்க. கைல காசு இல்லாததால தப்பிச்சேன். ஏப்ரல்ல பனி உருகுச்சு, மீட்டர் தானா 5க்கு பக்கத்துல வந்து நின்னுச்சு, இன்னிக்கு வரைக்கும் அதே பேட்டரிதான்.

அதனால ஜனவரில மைலேஜ் விழுந்தா உடனே பேட்டரி மேல பழி போடாதீங்க. டேஷ்போர்டுல வார்னிங் லைட் எதுவும் எரியலன்னா பெரும்பாலும் இது குளிரோட வேலை. அமெரிக்க எரிசக்தித் துறை குடுக்கற கணக்கு என்னன்னா, 25 டிகிரில ஓட்டறதுக்கும் மைனஸ் 7ல ஓட்டறதுக்கும் ஊருக்குள்ள சாதா பெட்ரோல் காரோட மைலேஜ் ஏறக்குறைய 15 சதவீதம் விழும், அஞ்சாறு கிலோமீட்டர் சின்ன ட்ரிப்பா இருந்தா 24 வரைக்கும் போகும், ஹைபிரிட்டுக்கு இது 30லேர்ந்து 34 சதவீதம். என் வண்டிக்கு விழுந்தது 28. சொல்லப்போனா கணக்குக்குள்ளதான் இருந்திருக்கு, நான்தான் பயந்துட்டேன்.

சாதா காருக்கு கம்மியா விழுது, காசு அதிகம் குடுத்து வாங்கின ஹைபிரிட்டுக்கு ஏன் ரெண்டு மடங்கு விழுதுன்னு கேப்பீங்க. ஹைபிரிட் பெட்ரோல் மிச்சம் பண்றதே எஞ்சின அணைச்சு வச்சுத்தான். சிக்னல்ல அணையும், இறக்கத்துல அணையும், மெதுவா உருளும்போது அணையும். இப்ப குளிர்காலத்துல கேபினுக்கு சூடு எங்கேர்ந்து வரும்? எஞ்சின் கூலன்ட்லேர்ந்துதான், அதாவது எஞ்சின சுத்தி ஓடி அதோட சூட்ட வாங்கிக்கற தண்ணிலேர்ந்துதான் வரணும் (ப்ளக் போடற மாடல் சிலதுல ஹீட் பம்ப் இருக்கும், அது வேற கதை). சாதா கார் எஞ்சின் எப்பவுமே ஓடிட்டு இருக்கு, அதுல வீணாப் போற சூட்ட எடுத்து உள்ள விட்டா ஹீட்டர், ஓசி. நம்ம எஞ்சின் அளவா எரிக்கற டைப், சூடே கம்மியாதான் வீணாப்போகும், அதுலயும் பாதி நேரம் அணைஞ்சு கிடக்கும், அதனால கூலன்ட் ஆறிப்போனதும் "ஐயா வெந்நீர் வேணுமாம்"னு கம்ப்யூட்டர் எஞ்சின திரும்ப ஸ்டார்ட் பண்ணுது. வண்டிய நகத்தறதுக்கு இல்ல, உங்கள சூடா வச்சுக்கறதுக்கு பெட்ரோல் எரியுது.

நம்பிக்கை இல்லன்னா இத ஒருதடவ பண்ணிப் பாருங்க. மைனஸ் 10 இருக்கற அன்னிக்கு வீட்லேர்ந்து ஒரு ரெண்டு மூணு கிலோமீட்டர் போய் ஏதாவது பெரிய சிக்னல்ல ரெட்ல நில்லுங்க. வண்டி நிக்குது, எஞ்சின் மட்டும் உறுமிட்டே இருக்கும், ஸ்டீயரிங்ல லேசா அதிர்வு தெரியும். இப்ப ஹீட்டர் ஃபேன் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணுங்க. எஞ்சின் ஓரளவு சூடாகியிருந்துச்சுன்னா ஒண்ணு ரெண்டு மூணு எண்ணறதுக்குள்ள டக்குனு அடங்கிடும், வண்டிக்குள்ள வைப்பர் சத்தம் மட்டும் கேக்கும். திரும்ப ஃபேன் போடுங்க, கொஞ்ச நேரத்துல எஞ்சின் வந்துடும். நான் ஹுரொன்டாரியோ ஸ்ட்ரீட் சிக்னல்ல உக்காந்து இத நாலு தடவ பண்ணிப் பாத்தேன், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சதும்தான் பச்சை விழுந்ததே தெரிஞ்சுது.

இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா வரும், குளிர்காலத்துல நீங்க காப்பாத்த வேண்டியது எஞ்சின் சூட்ட.

எல்லாத்துலயும் பெரிய ஓட்டை சின்ன சின்ன ட்ரிப். என் பையன் ஸ்கூல் ஒன்றரை கிலோமீட்டர். காலைல அவன விட்டுட்டு வீட்டுக்கு வந்து, காபி குடிச்சுட்டு, அரை மணி கழிச்சு கடைக்குப் போய், திரும்ப வீட்டுக்கு வந்து, மத்தியானம் லைப்ரரின்னு சுத்துவோம். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சூடாகறதுக்குள்ள இடம் வந்துடும், அணைச்சுடுவோம், ஆறிடும், மறுபடி முதல்லேர்ந்து. ஒவ்வொரு இட்லிக்கும் தனித்தனியா குண்டான்ல தண்ணி கொதிக்க வைக்கற மாதிரிதான். அந்த ஸ்கூல் ட்ரிப் மட்டும் டிஸ்ப்ளேல 11, 12 லிட்டர்னு காமிக்கும், அந்த நேரத்துல பெரிய எஸ்யூவி ஓட்டறவனுக்கும் நமக்கும் வித்தியாசமே கிடையாது. இப்ப என்ன பண்றோம்னா எல்லா வேலையும் ஒரே ஈடு. முக்கியமா தூரமா இருக்கற இடத்துக்கு மொதல்ல போறோம், அங்க போறதுக்குள்ள எஞ்சின் நல்லா சூடாகிடும், அப்புறம் திரும்பி வரும்போது கடை, பேங்க், மருந்துன்னு ஒவ்வொண்ணா முடிச்சுட்டு வந்தா, நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் நிறுத்தினாலும் சூடு முழுசா போகாது. பக்கத்து கடைய முதல்ல முடிச்சுடலாம்னுதான் கை போகும், அத மாத்திக்கறதுதான் கஷ்டம். ஸ்கூலுக்கு, ரொம்ப மோசமான நாள் தவிர, நடந்தே போறோம், பையனுக்கு பனிய உதைச்சுட்டு போறதுல ஒரே குஷி.

டொயோட்டாக்காரங்களுக்கே இந்த சூட்டுப் பிரச்சனை நல்லா தெரியும். 2004லேர்ந்து 2009 வரைக்கும் வட அமெரிக்கால வித்த பிரியஸ்ல நிஜமாவே ஒரு ஃபிளாஸ்க் உண்டு, கிட்டத்தட்ட 3 லிட்டர் சூடான கூலன்ட்ட வண்டி அணைச்சதும் உள்ள வாங்கி வச்சுக்கும், மூணு நாள் வரைக்கும் சூடு நிக்கும், அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சினுக்கு ஊத்தும். 2010 மாடல்லேர்ந்து அத எடுத்துட்டு சைலன்சர் வழியா போற சூட்டுப் புகைய வச்சு கூலன்ட்ட சூடு பண்ற மாதிரி மாத்திட்டாங்க. நம்ம ஊர் டீக்கடைக்காரர் மூளைதான்.

அடுத்தது ப்ளாக் ஹீட்டர். கனடால பழைய ஆளுங்களுக்கு தெரியும், புதுசா வந்த நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு தெரியாது. எஞ்சின்ல பொருத்தற சின்ன ஹீட்டர், முன்னாடி க்ரில் வழியா ஒரு வயர் தொங்கும், அத வீட்டு ப்ளக்ல சொருகணும். பிரியஸோடது 400 வாட் மாதிரிதான். ராத்திரி பூரா சொருகி வைக்காதீங்க, தெண்டம், கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போதும். வெளில மாட்டற டைமர் ஒண்ணு வாங்கி காலைல 4 மணிக்கு ஆன் ஆகற மாதிரி வச்சுட்டேன், 7 மணிக்கு கிளம்பறேன், ஆகறது 1.2 யூனிட் கரண்ட், அதுவும் ஒன்டாரியோல அந்நேரம் கம்மி ரேட். எஞ்சின் ஏற்கனவே வெதுவெதுன்னு இருக்கறதால ஹீட்டர் சீக்கிரம் சூடு விடும், முதல் சிக்னல்லயே எஞ்சின் அணையறத பாத்தா வர்ற சந்தோஷம் இருக்கே. இத எனக்கு மாட்டி விட்ட ஆள் "ஹைபிரிட்டுக்கு இதெல்லாம் எதுக்கு"ன்னு கேட்டாரு. ஹைபிரிட்டுக்குத்தான் அதிகம் பிரயோஜனம். கான்டோல, அதாவது அடுக்குமாடி ஃபிளாட்ல இருக்கறவங்களுக்கு ப்ளக் கிடைக்காது, ஆனா அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் இருக்கும், அதுவே பாதி வேலைய பாத்துடும். தனி வீட்டுக்காரங்க கராஜ்ல இருக்கற பழைய சோபா, காலி பெட்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு கார உள்ள விடுங்க. வெளில மைனஸ் 15 இருந்த ஒரு ராத்திரி என் கராஜ்ல தெர்மாமீட்டர் வச்சு பாத்தேன், மைனஸ் 3.

காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள போய் டிபன் சாப்டுட்டு வர்ற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. ரிமோட் ஸ்டார்ட்டும் அதே கதைதான். நின்ன இடத்துல எஞ்சின் ஓடினா அது நிதானமா சூடாகும், பெட்ரோல் போகும், ஒரு மீட்டர் கூட நகர்ந்திருக்காது. கண்ணாடில ஐஸ் சொரண்டற நேரம் ஓடினா போதும். சொரண்டும்போது கூரை மேல இருக்கற பனியையும் முழுசா தள்ளி விட்டுடுங்க, மைலேஜுக்கு மட்டும் இல்ல, அது பறந்து பின்னாடி வர்றவன் கண்ணாடில விழுந்தா பெரிய ஆபத்து. கிளம்பின மொத ஒரு நிமிஷம் ஆக்சிலரேட்டர ரொம்ப மென்மையா மிதிங்க. அந்த நேரத்துல பிரியஸ் எஞ்சின் சத்தம் போடும் ஆனா சைலன்சர் குழாய்ல இருக்கற, புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட்ட சூடு பண்றதுலதான் மும்முரமா இருக்கும், வண்டிய நகத்தறது பெரும்பாலும் பேட்டரி. அப்ப நீங்க அழுத்தினா எஞ்சின் அந்த வேலைய பாதில விட்டுட்டு இழுக்க வரும், குளிர்ந்த எஞ்சின் இழுத்தா பெட்ரோல் எப்படிப் போகும்னு சொல்லவே வேணாம்.

ஹீட்டர் விஷயத்துல என் வீட்ல பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. 24 டிகிரில வச்சுட்டு டி-ஷர்ட்ல உக்காந்தா எஞ்சின் அணையவே அணையாது. நான் ஒத்தையா போகும்போது ஜாக்கெட்டோட உக்காந்து 18, 19ல வச்சுக்கறேன், ஈகோ மோட் போட்டா ஹீட்டருக்காக எஞ்சின தொந்தரவு பண்றதும் குறையும். சீட் ஹீட்டர், ஸ்டீயரிங் ஹீட்டர் இருந்தா அத முதல்ல போடுங்க, அது கரண்ட்ல ஓடறது, வெந்நீர் கேக்காது, வண்டி பூரா காத்த சூடு பண்றத விட முதுக சூடு பண்றது மலிவு. ஆனா இத என் மனைவிகிட்ட சொன்னப்ப "நீங்க பெட்ரோல் மிச்சம் பண்ண குழந்தை விறைக்கணுமாங்க"ன்னா, அதுல ஒரு நியாயம் இருக்கு. கார் சீட்ல குழந்தைக்கு தடிமனான ஸ்னோ ஜாக்கெட்ட போட்டு மேல பெல்ட் கட்டக் கூடாது, அடிபடும்போது ஜாக்கெட் அமுங்கி பெல்ட் லூஸாகிடும். அதனால பின்னாடி குழந்தை இருந்தா ஜாக்கெட்ட கழட்டிட்டு, பெல்ட் மேல போர்வை போத்திட்டு, ஹீட்டர தாராளமா வைங்க. அங்க கஞ்சத்தனம் வேணாம். கண்ணாடி மூடுபனி பிடிச்சாலும் அப்படித்தான், டிஃப்ராஸ்ட் போடாம மைலேஜ் பாத்துட்டு குருடனா ஓட்டாதீங்க, தெளிஞ்சதும் அணைச்சுடுங்க.

அந்த கழட்டின ஜாக்கெட்ட எங்க போடறீங்கன்னு பாருங்க. பின் சீட் ஓரத்துல சின்ன ஜன்னல் மாதிரி ஒரு வலை இருக்கும், ஹைபிரிட் பேட்டரி மூச்சு விடறது அது வழியாத்தான். கேபின் காத்து வெதுவெதுன்னு ஆனா பேட்டரிக்கும் அந்த வெதுவெதுப்பு போகும். அத ஜாக்கெட், பை போட்டு அடைச்சு வைக்காதீங்க. பேட்டரி ஜில்லுனு இருந்தா கரண்ட்ட வாங்கவும் தயங்கும், குடுக்கவும் தயங்கும், ஹைபிரிட்ல பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே கரண்ட் தயாரிச்சு பேட்டரிக்கு அனுப்பும், அப்படி திரும்பி வர வேண்டியதுல ஒரு பகுதி பிரேக் பேட்ல சூடா போயிடும்.

இப்ப ஓட்டற முறை. கோடைல சொதப்பலா ஓட்டினாலும் ஹைபிரிட் ஓரளவு மன்னிச்சுடும், குளிர்ல மன்னிக்காது. ரெட் சிக்னல தூரத்துலயே பாத்துட்டு கால எடுத்துடுங்க, அப்புறம் லேசா பிரேக்க தொட்டு நீளமா பிடிங்க. கடைசி நிமிஷத்துல குத்தினா பேட்டரிக்கு போற கரண்ட்டுக்கு ஒரு அளவு இருக்கு, மிச்சமெல்லாம் டிஸ்க்ல தேஞ்சு போகும். ஐஸ் மேல வேற விதமான விஷயம் ஒண்ணு நடக்கும், வீல் லேசா வழுக்கினதும் வண்டி அந்த கரண்ட் பிரேக்க விட்டுட்டு சாதா பிரேக்குக்கு மாறும், ஒரு கணம் வண்டி முன்னாடி பாஞ்ச மாதிரி இருக்கும், முதல் தடவ எனக்கு உயிரே போயிடுச்சு. அதனாலயும் தூரம் விட்டு ஓட்டுங்க.

மெதுவா ஓட்டணும்னு சொன்னதும் சில பேர் ஆமை மாதிரி ஏத்துவாங்க, அதுவும் தப்பு. எஞ்சின் ஓடியே ஆகணும்னா அத நல்லா வேலை வாங்கிடுங்க, மிதமா மிதிச்சு 60க்கு ஏத்துங்க, அப்புறம் கால முழுசா எடுத்து திரும்ப மயிரிழை அளவுக்கு வைங்க. எனர்ஜி மானிட்டர்ல எந்த அம்புக்குறியும் இருக்காது, பேட்டரிலேர்ந்து போகவும் இல்ல, வரவும் இல்ல, வண்டி சும்மா மிதக்கும். 50க்கு இறங்கினதும் திரும்ப ஏத்துங்க. ஆனா எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி இது வேலைக்கு ஆகாது, கால எடுத்தாலும் எஞ்சின் ஓடிட்டேதான் இருக்கும், அதனால முதல் 10 நிமிஷம் சும்மா ஒழுங்கா ஓட்டிட்டு அப்புறம் ஆரம்பிங்க. பின்னாடி வண்டி ஒட்டிட்டு வந்தா பண்ணவே பண்ணாதீங்க. பேட்டரில மட்டும் ஓட்டறதுக்கு இருக்கற ஈவி பட்டன அமுக்கி வம்பு பண்றதும் வேணாம், குளிர்ல பாதி நேரம் அது மாட்டேன்னு சொல்லும், ஒத்துக்கிட்டாலும் காலியான பேட்டரிய அப்புறம் பெட்ரோல்தான் ரொப்பணும். சிக்னல்ல நியூட்ரல் போடற நம்ம ஊர் பழக்கத்தையும் விடுங்க, நியூட்ரல்ல பேட்டரி சார்ஜே ஆகாது. கியர்ல 'B'ன்னு இருக்கறத போட்டா கரண்ட் அதிகம் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது நீளமான மலை இறக்கத்துக்கு எஞ்சின் பிரேக், மைலேஜுக்கு இல்ல.

401 ஹைவேல எல்லாரும் 120ல போறாங்க, நான் வலது லேன்ல 100, 105. குளிர் காத்து கனமானது, 25 டிகிரில இருக்கறதோட மைனஸ் 7ல ஒரு 12 சதவீதம் அடர்த்தி கூட. அது போக 100லேர்ந்து 120 போனா காத்து எதிர்ப்பு 44 சதவீதம் கூடுது. ரெண்டையும் சேத்துப் பாருங்க. போன கோடைல கேம்பிங் போனதுக்கு மாட்டின கூரைப் பெட்டி இன்னும் மேல இருந்தா இன்னிக்கே கழட்டுங்க.

டயர்ல காத்து. 5, 6 டிகிரி இறங்கினா ஒரு பிஎஸ்ஐ போயிடும். அக்டோபர்ல 20 டிகிரில 35 அடிச்சு வச்சீங்கன்னா ஜனவரி மைனஸ் 15ல 29 தான் இருக்கும், டயர் பஞ்சராகலன்னாலும். மாசம் ஒருக்கா காலைல ஓட்டறதுக்கு முன்னாடி, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கற அளவுக்கு அடிங்க. வின்டர் டயர் போட்டா மைலேஜ் குறையும், உண்மைதான், அதுக்காக போடாம இருக்காதீங்க. கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரை சட்டமே இருக்கு, ஒன்டாரியோல கட்டாயம் இல்லன்னாலும் போட்டிருந்தா இன்ஷூரன்ஸ்ல தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்க.

கடைசியா முன் க்ரில்ல அடைக்கறது. பைப்புக்கு சுத்தற கறுப்பு ஃபோம் குழாய் ஹார்டுவேர் கடைல சில டாலருக்கு கிடைக்கும், அளவா வெட்டி க்ரில் கம்பி மேல கவ்வ வச்சா குளிர் காத்து ரேடியேட்டர்ல நேரா அடிக்காது, எஞ்சின் சூடு ரொம்ப நேரம் நிக்கும். முழுசா அடைக்காதீங்க, அந்த பக்கமே ஹைபிரிட் இன்வெர்ட்டரோட (பேட்டரி கரண்ட்ட மோட்டாருக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி) ரேடியேட்டரும் இருக்கு, அதுக்கு காத்து வேணும், நான் கீழ் க்ரில்ல பாதிதான் மூடறேன். தானா மூடித் திறக்கற ஷட்டர் உள்ள புது வண்டிகளுக்கு இது தேவையே இல்ல. நான் ஒருதடவ ஃபோம் எடுக்க மறந்து ஏப்ரல் மாசம் 18 டிகிரில நயாகரா வரைக்கும் போயிட்டு வந்தேன், ஒண்ணும் ஆகல, ஆனா வழி பூரா ரேடியேட்டர் ஃபேன் சத்தம், என்னடா இதுன்னு யோசிச்சுட்டே ஓட்டினேன். இப்ப போன்ல ஏப்ரல் 1க்கு அலாரம் வச்சிருக்கேன். "ஃபோம்"னு மட்டும் எழுதியிருக்கும், மனைவி அத பாத்துட்டு ஷேவிங் ஃபோம் வாங்கிட்டு வந்துட்டா.